பிரபு காவல் காத்த மல்லி

மாங்காட்டில் இன்று மாந்தோப்பைத் தேடினால் அபார்ட்மென்ட்தான் அகப்படும். ஆனாலும் பாட்டி விட்டுப்போன வீட்டின் கிணற்றடியில் ஒரு மல்லிகைப் புதர் தப்பியிருக்கலாம். இடித்துக் கட்டும் முன் இலையைக் கொஞ்சம் பாருங்கள். ஒற்றை இலையாகப் பளபளவென்று இருந்தால் குண்டுமல்லி. பெரிய இலைக்கு அடியில் காது மாதிரி இரண்டு குட்டி இலைகளா? முல்லை. ஒரே காம்பில் ஏழெட்டு இலை, மொட்டில் லேசான ரோஸ் நிறம் என்றால் ஜாதிமல்லி.

குண்டுமல்லி ஜாதியிலேயே, குட்டி ரோஜா போல இதழ் அடுக்கடுக்காக இருக்கிறதா? அடுக்குமல்லி! பாட்டியின் செடிக்கு இத்தாலியில் ராஜ உறவு உண்டு. 1670 முதல் 1723 வரை டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, கோவாவிலிருந்து இதை வரவழைத்தார். ஃப்ளாரன்ஸ் அருகே காஸ்தெல்லோ மாளிகையில் அதற்கென்றே குளிர் தாக்காத தனி இடம். ஒரு குச்சிகூட வெளியே போகாமல் காவல் போட்டார் என்று கதை. உலகச் சந்தையில் இதன் பெயரே இன்றும் ‘டஸ்கனியின் கிராண்ட் டியூக்’தான்.

குச்சிக்கு எதற்குக் காவல்? இந்தச் செடி அநேகமாக விதை வைப்பதில்லை. குச்சி, பதியன், அவ்வளவுதான் வழி. அதாவது, பாட்டி வைத்தது யார் தோட்டத்திலிருந்தோ ஒடித்து வந்த, தலைமுறை தலைமுறையாகச் சாகாமல் வரும் ஒரு பழைய செடியின் துண்டு. ஜேசிபி இறங்கினால் அந்த வரிசை உங்களோடு சரி.

எனவே, தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவை லேசாகக் கீறி, மண்ணில் அமுக்கி மேலே கல்லை வையுங்கள். சில மாதத்தில் வேர் விடும். வெட்டித் தொட்டியில் நடுங்கள். நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தால் பங்குனி, சித்திரையில் பூக்கும். புது ஃப்ளாட்டின் பால்கனியில் வெயில் விழுமா என்று மட்டும் பில்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்!