பிடிக்காத கிளட்ச், விடாத கிளட்ச்

பட்டறையில் வண்டியை விடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "கிளட்ச் போயிடுச்சு." அந்த ஒரே பேச்சுக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றில் கிளட்ச் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்தும், வண்டி அசமந்தமாக ஊரும். மற்றதில் விட வேண்டிய நேரத்தில் விடாது. பெடலைத் தரையோடு அழுத்தினாலும் கியர் விழாது, விழுந்தால் கரகரவென்று பல் உரசும். முதலாவதை ஸ்லிப் என்பார்கள். இரண்டாவதை 'கிளட்ச் விட மாட்டேங்குது' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மருந்துதான் எழுதப்படுகிறது: கியர்பாக்ஸை இறக்கு, கிளட்ச் செட்டை மாற்று. எனக்கும் அப்படித்தான் எழுதினார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

என்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. வட்டமான டயஃப்ரம் ஸ்பிரிங் ஒன்று பிரஷர் பிளேட்டை அழுத்தி, நடுவிலிருப்பதை நெருக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கேபிள் வழியாகவோ ஆயில் வழியாகவோ அந்த அழுத்தம் ரிலீஸ் பேரிங்குக்குப் போகும், பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும், பிடி தளரும். ஆக, பிடிப்பது ஸ்பிரிங்கின் வேலை. நம் கால் செய்வது விடுவிக்கும் வேலை மட்டுமே. பிடி போனால் குற்றவாளி பெரும்பாலும் உள்ளே, பிளேட்டிலோ ஸ்பிரிங்கிலோ இருப்பான். விடுவிப்பு போனால் காலுக்கும் அந்த ஸ்பிரிங் விரல்களுக்கும் இடைப்பட்ட வழியில்தான் முதலில் தேட வேண்டும். அந்த வழியில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸை இறக்காமலே கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம்.

இரண்டும் வருவதற்கு முன்னாலேயே பெடல் நமக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. பெடலை மெல்ல விடும்போது வண்டி எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கவனியுங்கள். கேபிள் கிளட்ச் வண்டியில் பிளேட் தேயத் தேய ஸ்பிரிங் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்வதால், பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது பெடல் சும்மா இறங்கும் தூரம், குறைந்துகொண்டே வரும். பிடிக்கும் இடம் மேலே ஏறும். கேபிள் நீண்டுபோனால் இதற்குத் தலைகீழ்: ஃப்ரீ பிளே கூடும், தரையருகே வந்த பிறகுதான் பிடிப்பே தெரியும். மேலே ஏறினால் ஸ்லிப் வரப்போகிறது. கீழே இறங்கினால் கியர் விழாமல் போகப்போகிறது. ஃப்ரீ பிளே அறவே இல்லாமல் போன கேபிள், நாம் காலை வைக்காமலே பெடலைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். நல்ல பிளேட்டும் அப்போது வழுக்கும். நட்டைத் திருகிச் சரிசெய்கிற வேலைதான் அது.

ஆயில் கிளட்ச்சில் இந்தத் தேய்மானம் பெடலில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் பேட் தேய்ந்தால் டப்பாவில் ஆயில் இறங்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் சிலிண்டருக்குள் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுவதால் ஆயில் மேலே திரும்பத்தான் செய்யும். கிளட்ச்சுக்குத் தனி டப்பா உள்ள காரில் ஆயில் குறைந்தால் தேய்மானம் என்று சமாதானம் சொல்ல இடமே இல்லை. எங்கோ கசிகிறது.

ஸ்லிப்பைக் கண்டுபிடிப்பது எளிது. காலியான சாலையில் நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி மேலே ஓடி, வேக முள் அப்படியே நின்றால் வேறு சாட்சி வேண்டாம். நின்ற இடத்திலும் பார்க்கலாம்: ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, முன்னால் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, நாலாவது கியரில் பெடலை விட்டால் நல்ல கிளட்ச் என்ஜினை உடனே அணைத்துவிடும். வழுக்கும் கிளட்ச்சில் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், பிளேட் கருகும். அந்தக் கருகல் வாடை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஹாஃப் கிளட்ச்சிலேயே ஏறி இறங்கியவர்களுக்குப் பழக்கமாகியிருக்கும். பிளேட் தேய்வதைத் தவிர, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்தாலும் ஸ்லிப் வரும். அந்த நிலையில் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவது.

கியர் விழாத கோளாறுதான் ஆளை ஏமாற்றும். அதற்குப் பல முகங்கள் உண்டு. முதல் கேள்வி ஒன்றுதான்: என்ஜினை அணைத்துவிட்டால் கியர் விழுகிறதா? ஓடாத என்ஜினில் வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் விடவில்லை. அணைத்தாலும் விழவில்லை என்றால் கிளட்ச்சை விட்டுவிட்டு கியர் கேபிளையும் லிங்க்கேஜையும் பாருங்கள். இரண்டாவது சோதனைக்கு ரிவர்ஸ் கியர் உதவும். நியூட்ரலில் என்ஜின் ஓடட்டும். பெடலை முழுவதும் மிதித்து நாலைந்து விநாடி பொறுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு, வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ கிடையாது. அந்த நாலைந்து விநாடியில் உள்ளே சுற்றும் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் கரகரத்தால் பிளேட் இன்னும் என்ஜினோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது.

என் கார் செய்தது இதைத்தான். காலையில் ஒழுங்காக இருக்கும். மதிய டிராஃபிக்கில் அரை மணி நேரம் நகர்ந்து நின்றால் ரிவர்ஸ் கத்தும், முதல் கியர் மறுக்கும். ஒரு பட்டறையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கிளட்ச் செட் மாத்தணும் சார்" என்றார்கள். மாற்றினேன். பெடல் புதிதுபோல் ஆனது. பத்து நாளில் பழைய கதை. வேறொரு மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் கம்பியைத் தடவிவிட்டு, "சார், நீங்களே விரல வச்சுப் பாருங்க" என்றார். ரப்பர் மூடியின் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விரலில் வழவழத்தது. கீழே கார்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்; அங்கே அத்தனை மாதம் என் செருப்புக்கால் இருந்திருக்கிறது. முதல் பட்டறையில் செட்டை மாட்டும்போது ஆயிலில் புகுந்திருந்த ஏரை எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பத்து நாள் நிம்மதி. சிலிண்டர் கசியக் கசிய ஏர் மறுபடி புகுந்துகொண்டது. கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். லைனிங்கின் ஆணித் தலைகள் பள்ளத்துக்குள் நன்றாகவே புதைந்திருந்தன. மேற்பரப்புக்கும் ஆணித் தலைக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால்தான் பொதுவாக மாற்றச் சொல்வார்கள். அதில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே மிச்சமிருந்தது.

விடாத கிளட்ச் உள்ளேயிருந்தும் வரும். அதையும் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியிலும், மாதக் கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டியிலும் பிளேட் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பிளேட் வளைந்தாலும் இதே கதைதான். ஆனால் பெடலும் கேபிளும் சிலிண்டரும் சரி என்று பார்த்த பிறகுதான் அங்கே போக வேண்டும்.

எல்லா கியரும் முரண்டினால் கிளட்ச். ஒரே ஒரு கியர், சாதாரணமாக இரண்டாவது, அதுவும் மூன்றிலிருந்து இறக்கும்போது மட்டும் கரகரத்தால், தேய்ந்தது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையம். 1928-இல் கேடிலாக் காரில் சிங்க்ரோமெஷ் வரும் வரை, ஒவ்வொரு கியருக்கும் டிரைவரே இரண்டு முறை கிளட்ச்சை மிதித்து வேகத்தைச் சமன்செய்ய வேண்டியிருந்தது. இன்றும் அதைச் செய்து பாருங்கள்: நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு, லேசாக ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டாவதைப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சிங்க்ரோதான்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால் இரண்டும் நடந்துகொள்வதும் வேறுவேறு. வழுக்கும் கிளட்ச் நாள்கணக்கில் எச்சரிக்கை தரும். சமதரையில் ஆக்ஸிலேட்டரைப் பூப்போல மிதித்து வீடு சேர்ந்துவிடலாம். மேட்டில் மட்டும் கைவிடும். விடாத கிளட்ச், கேபிள் அறுந்தால், ஒரே நொடியில் வரும். முன்னால் இடம் இருந்தால் என்ஜினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, அப்படியே ஸ்டார்ட்டரைத் திருப்பலாம். பெடல் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பூட்டு இல்லாத கார்களில் வண்டி குலுங்கிக் கிளம்பும். ஊர்கிற வேகத்திலேயே போய், ஓரமான இடம் பார்த்து, பிரேக்கை மிதித்து என்ஜினை அணையவிட்டு நிறுத்துங்கள்.