கண் வெளுத்த பிறகும்

கொள்ளிடக் கரை வாழைத் தோப்புகளில் மழை விட்டுப் பத்து நாளில் கீழாநெல்லி முளைத்துவிடும். இலைகளுக்கு அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கொத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கள் பாட்டி அதை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி மோரில் கரைத்துக் கொடுப்பாள். விடியற்காலையில், வெறும் வயிற்றில். எண்ணெய், புளி, காரம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியானாலும் அடையவளைஞ்சான் தெருவானாலும் மஞ்சள் காமாலைக்கு இதுதான் முதல் மருந்து. குணமானதற்கு அடையாளம், கண் வெளுப்பது. சிலர் மூத்திரத்தில் சோற்றுப் பருக்கையைப் போட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள். கண் வெளுத்துவிட்டால் தலைக்கு ஊற்றி ரசம் சாதம் போடுவார்கள். நோய் போயிற்று என்று அர்த்தம்.

திருச்சியில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாட்டி வைத்தியத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. அது பலித்ததற்குக் காரணம் இருந்தது. ஆறும் கிணறும் கலங்கும் காலத்தில் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. இரண்டும் தண்ணீரில் பரவுபவை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்குபவை. ஹெபடைடிஸ் பி கூட, வளர்ந்தவர்களுக்குப் புதிதாக வந்தால், நூற்றுக்கு 95 பேருக்கு உடம்பே அடக்கிவிடும். பெயர் என்னவோ கீழாநெல்லிக்குப் போனது.

பி வைரஸ் பரவுவது இரத்தம் முதலான உடல் திரவங்களின் வழியே. தாயிடமிருந்து பிரசவத்தில் வரும், சலூன் கத்தியில் வரும், திருவிழாவில் பச்சை குத்துகிற ஊசியில் வரும். ஆனால் எங்கள் தலைமுறைக்கு அது தாராளமாகக் கிடைத்த இடம் தெருமுனை கிளினிக் என்பது என் எண்ணம். 1970-களில் காய்ச்சல், சளி, அசதி எல்லாவற்றுக்கும் ஊசிதான். ஊசி போடாத டாக்டரிடம் ஜனங்கள் மறுமுறை போகமாட்டார்கள். கம்பவுண்டர் மேஜையில் பளபளவென்று ஸ்டெரிலைசர் இருக்கும், உள்ளே கண்ணாடி சிரிஞ்சுகள் கொதிக்கும். காலையில் கொதித்ததோடு சரி. சாயங்காலக் கூட்டத்தில், ஒருவருக்குப் போட்டதை வெந்நீரில் இழுத்துப் பீய்ச்சிவிட்டு அடுத்தவருக்குப் போடுவார்கள். முனை மழுங்கினால் கம்பவுண்டரே கல்லில் தேய்த்துக் கூராக்குவார். அதை ஒரு கைத்திறன் என்று நாங்கள் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தோம்.

பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றிக் காசுக்கு இரத்தம் கொடுப்பவர்கள் இருந்த காலமும் அதுதான், அந்த இரத்தத்திலும் வைரஸ் வரும். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் அந்தத் தொழில் தடை செய்யப்பட்டது.

பி வைரஸைக் கண்டுபிடித்த அமெரிக்கர் பாருக் பிளம்பர்க், அதைத் தேடிப் போனவரே அல்ல. மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் சீரத்தோடு வினைபுரிந்தது. 1965-இல் வெளியான அந்த ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’தான் வைரஸின் மேலுறை என்று பிறகு தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு. லேப்களில் எச்பிஎஸ்ஏஜி என்று நாங்கள் எழுதுவது அதைத்தான்.

பாட்டியின் செடியும் பிளம்பர்க்கின் ஆன்டிஜெனும் சென்னையில் சந்தித்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் கரிசலாங்கண்ணியையும் கீழாநெல்லியையும் பி வைரஸுக்கு எதிராகச் சோதனைக் குழாயில் ஆராய்ந்து 1982-இல் எழுதினார். 1988-இல் பிளம்பர்க்கையும் சேர்த்து ஐவர் பெயரில் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்த ஐவரில் ஒருவரான திருநலசுந்தரி பின்னாளில் எங்கள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லிப் பொடிக்கு வந்த மவுசைக் கேட்கவா வேண்டும்! அறிவியலே பாட்டிக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டதாக எங்கள் வீட்டில் பேச்சு.

1990-இல் தாய்லாந்தில் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் வகை, பறித்த பருவம், பதப்படுத்திய விதம் என்று வாதங்கள் நடந்தன. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. எதை அளந்தார்கள் என்பதில்தான் என் கண். பாட்டி கண்ணில் மஞ்சளைப் பார்த்தாள், விஞ்ஞானிகள் இரத்தத்தில் மேலுறையைப் பார்த்தார்கள். மேலுறை மறைந்தால் வைரஸ் போய்விட்டது என்பதே அன்றைக்குப் பரவலான நம்பிக்கை, நானும் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதினேன். எலைசா என்ற சோதனையில், தட்டின் 96 குழிகளில் சீரத்தை ஊற்றிக் கழுவி, கடைசியில் அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாக மாறும். மஞ்சளானால் பாசிட்டிவ், வெளுத்தே இருந்தால் நெகடிவ். நெகடிவ் சீட்டோடு மனுஷன் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

மேலுறை காணாமல் போன பிறகும் வைரஸின் மரபுப்பொருள், கல்லீரல் செல்லின் கருவுக்குள் ஒரு வளையமாகச் சுருண்டு பல்லாண்டு கிடக்கும். நோய் எதிர்ப்பு செல்கள் அதைத் தலைதூக்க விடுவதில்லை. தொற்று ஒரு காலத்தில் வந்து போனதற்குச் சாட்சி வைரஸின் உட்கருவுக்கு எதிரான கோர் ஆன்டிபாடி. அதற்குத் தனிச் சோதனை உண்டு. எங்கள் காலத்தில் யாரும் எழுதிக் கேட்டதில்லை.

இந்தக் காவலைத் தளர்த்துகிற மருந்துகள் பெருகியபோதுதான் பதுங்கிய வைரஸ் பிரச்சினையானது. கீமோதெரபி, நாள்பட்ட ஸ்டீராய்டு, உறுப்பு மாற்றத்துக்குப் பிந்தைய மாத்திரைகள். எல்லாவற்றிலும் கடுமையானது ரிடுக்சிமாப். நிணநீர்ப் புற்றுக்கும் முடக்குவாதத்துக்கும் தருகிற இந்த மருந்து, ஆன்டிபாடி தயாரிக்கும் செல் பரம்பரையையே துடைத்துவிடும். 2007-இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் விலை குறைந்த வடிவத்தைக் கொண்டுவந்தபின் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் அதன் மருந்துக் குறிப்பின் தொடக்கத்திலேயே பி வைரஸ் எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டம் கட்டி அச்சிட வைத்தது 2013-இல்.

திருவானைக்காவல் பெரியவர் ஒருவர். நிணநீர்ப் புற்று, எச்பிஎஸ்ஏஜி நெகடிவ், ரிடுக்சிமாப் போட்டு முடித்துச் சில மாதங்களில் கண் மஞ்சள். கோர் ஆன்டிபாடியை முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. இரத்தம் எடுக்கும்போது என்னிடம் சொன்னார்: “சின்ன வயசுல வந்துதும்மா. அப்பவே கீழாநெல்லி குடுத்துப் போக்கிட்டாங்க.” இந்தத் தடவை தட்டில் அவருடைய குழி அடர்மஞ்சள். சிகிச்சை முடிவுக்கு வருவதற்குள் கல்லீரல் கைவிட்டுவிட்டது.

ஹெச்.ஐ.வி. கதை வேறு விதம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். நாலு திசை நெடுஞ்சாலையும் கூடுகிற திருச்சியில் நோய் வந்து சேர ரொம்ப நாளாகவில்லை. ஹெச்.ஐ.வி. காவலையே தின்பது, அதனால் பதுங்கிய பி வைரஸ் எச்பிஎஸ்ஏஜி காட்டாமலேயே இரத்தத்தில் உலவ முடியும். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது அதிலிருந்த லாமிவுடின், பி வைரஸையும் அடக்கும் மருந்து. யாருக்கு இருக்கிறது என்று பார்க்காமலே பலருக்கு வைத்தியம் நடந்தது. பாதகமும் உண்டு. மருந்தை நிறுத்தியவர்களுக்கு வைரஸ் சீறியது. தொடர்ந்தவர்களிலும், தனியாக நின்ற லாமிவுடினுக்குச் சில வருஷத்தில் வைரஸ் பழகிக்கொண்டது. கூடவே கொடுத்த நெவிராபின் தானே கல்லீரலைத் தாக்கக்கூடியது என்பதால், என்சைம் ஏறினால் பழி அதன்மேல் விழும். டெனோஃபோவிர் என்ற மருந்து வந்து சேர்ந்த பிறகே இரண்டு வைரஸுக்கும் உறுதியான பூட்டு விழுந்தது.

2011-இல் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு பி தடுப்பூசி, 2018 ஜூலை 28-இல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம், அதில் இலவசப் பரிசோதனையும் மருந்தும். பேரப்பிள்ளைகளுக்குக் கவலை குறைந்தது. கண்ணாடி சிரிஞ்சில் ஊசி போட்டுக்கொண்ட நாங்கள் இப்போது புற்றுநோய், முடக்குவாதம், சிறுநீரக மாற்று என்று வரிசையில் நிற்கிற வயதில் இருக்கிறோம்.

கீமோ, ரிடுக்சிமாப், நாள்பட்ட ஸ்டீராய்டு என்று எது தொடங்குவதானாலும் எச்பிஎஸ்ஏஜியோடு கோர் ஆன்டிபாடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறு வயதுக் காமாலை பெரும்பாலும் ஏ வகையாகவே இருக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தடுப்புக்கென்று என்டெகாவிரோ டெனோஃபோவிரோ கொடுத்தால், ரிடுக்சிமாப் போட்டவர்கள் அது முடிந்து ஓராண்டுக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். கண் வெளுப்பாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.