மாசாத்துவான் காட்டிய வழி

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, நான் ஏலக்காய் வியாபாரியாச்சே, புலவன் இல்லையே என்றேன். "வியாபாரி எழுதினா எல்லாருக்கும் புரியும்" என்றார். ஆகவே ஒரு வியாபாரியைப் பற்றியே எழுதுகிறேன்.

சித்திரா பௌர்ணமியன்று குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஒரு முறையாவது போகாத நம்மவர் குறைவு. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான் அனுமதி. அங்கே கண்ணகியை நினைக்கிறோம், கோவலனை நினைக்கிறோம். மகனையும் மருமகளையும் பறிகொடுத்த கிழவரை நினைக்கிறோமா?

கோவலனின் தந்தை மாசாத்துவான் புகாரின் பெருவணிகர். மகனுக்கு நேர்ந்ததைக் கேட்டு அவர் மனைவி உயிர்விட்டார். அவரோ செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்த விகாரத்தில் புகுந்தார். கண்ணகியின் தந்தை மாநாய்கனும் துறந்து ஆசீவகரிடம் போனார். இது சிலப்பதிகாரம் தரும் செய்தி.

மணிமேகலைக் காப்பியத்தில் மாசாத்துவான் மறுபடியும் வருகிறார், வஞ்சி நகரில். வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. எதுவானாலும் அவ்விரண்டுக்கும் இடையே வழிவிடுவது நம்ம பாலக்காட்டுக் கணவாய்தான். அங்கே பேத்தி மணிமேகலை அவரைச் சந்திக்கிறாள். அந்த வயதில் நாமாயிருந்தால் என்ன சொல்வோம்? "கூடவே இரும்மா" என்போம். அவரோ, காஞ்சியில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன, அமுதசுரபியோடு நீ போய்க் காப்பாற்று என்று அனுப்புகிறார்.

மூப்பு, பிணி, சாக்காடு மூன்றையும் பௌத்தம் மறைப்பதில்லை. 80 வயதில் புத்தர் தம் உடலை, வாரால் கட்டி ஓட்டும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். வைசாலி அருகே கடும் நோயைத் தாங்கிக்கொண்டு, பிறகு குசிநாரா வரை நடந்து அங்கே மறைந்தார். கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு பிக்குவைத் தாமே கழுவிப் படுக்க வைத்து, எனக்குப் பணிசெய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார் என்று விநய பிடகம் கூறும். முதுமைக்கு அவர்கள் கண்ட மருந்து இதுவே: பிடியை விடு, பிறர் துன்பத்தைப் பார்.

நான் ஜைனிமேட்டுச் சந்திரநாதர் கோயிலில் வணங்குகிற அருக சமயத்தான். மணிமேகலை எங்கள் சமயத்தை மறுக்கும் நூல். எங்கள் நெறியில் முடிவுக்காலத்துக்குச் சல்லேகனை உண்டு. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைக் கைகூப்பி நின்று பார்த்திருக்கிறேன். கடுந்தவத்தைப் புத்தர் ஏற்கவில்லை. வழிகள் வேறு, பற்றை விடச் சொல்வதில் இரண்டும் ஒன்று.

சொல்வது எளிது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நான் வீடு திரும்பியதும், "அப்பா, கல்லாச் சாவியைக் குடுத்துட்டு ஓய்வெடுங்க" என்றான் மகன். சுருக்கென்றது. ஏழு மாசம் கொடுக்கவில்லை. மாசாத்துவானை மறுபடி படித்த பிறகே கொடுத்தேன். முழு மனசோடா என்று கேட்காதீர்கள். கடை சாத்தும் நேரமானால் இன்னும் கை இடுப்பைத் தடவுகிறது.

பிழைப்புக்காகக் கணவாய் தாண்டி வந்த நமக்கும் வயசாச்சு. பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, பெரியவர்கள் தனியே படுத்திருக்கும் வீடுகள் நம் சங்கத்திலும் உண்டு. ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்துவது நல்லதுதான். அதோடு வாரம் ஒருமுறை அவர்கள் கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவோம். சாவியைக் கொடுத்துவிட்ட என் போன்றவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.