கிச்சிலியிலிருந்து கமலா வரை: காவிரிப் படுகை நெல்லின் மரபணு வழி

பசுமைப் புரட்சியை விமர்சித்துத் தமிழில் எழுதுவோர் பலரும் வந்தனா சிவா 1991-இல் வெளியிட்ட நூலின் வாதத்தையே அடியொற்றுகின்றனர். அவ்வாதத்துக்கு இரண்டு கால்கள். உயர் விளைச்சல் விதைகள் தாமாக விளைவதில்லை. உரமும் நீரும் கொட்டினால்தான் விளைகின்றன என்பது ஒன்று. அவை வெளியிலிருந்து வந்து உள்ளூர் விதைகளை விரட்டின என்பது மற்றொன்று. அவருடைய சான்று பஞ்சாப். அதைத் தஞ்சைக்கும் அப்படியே பொருத்தும்போது முதல் கால் நிற்கிறது, இரண்டாவது நிற்கவில்லை.

காவிரிப் படுகையின் குறுவையை மாற்றியது ஐ.ஆர்.8 நெல் அன்று, ஆடுதுறை 27. பிலிப்பைன்ஸில் ஐ.ஆர்.8 வெளியானது 1966 நவம்பரில். அதற்கு முன்பே, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும் ஆடுதுறை 27 தஞ்சை வயல்களில் இருந்தது. அதன் தொடக்கத்தை ஓர் ஆண்டில் நிறுத்துவது கடினம். ஆய்வு நிலையத்தில் தேர்வானது, விதையாக வெளியானது, உழவர் கைக்குப் பரவலாக வந்தது எல்லாம் வெவ்வேறு கட்டங்கள். 1960-களின் நடுப்பகுதி என்று சொல்வதே பொருந்தும்.

அதன் பெற்றோர் நோரின் 10, ஜி.இ.பி. 24. முதல் பெயர் பலரைத் தடுமாற வைக்கும். நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமைக்கு மூலமானதும் ஒரு நோரின் 10தான். ஆனால் ஜப்பானியர் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி வரிசை எண் கொடுத்தனர். இது நெல், அது கோதுமை, உறவு எதுவுமில்லை. ஐ.ஆர்.8-க்குக் குட்டைத்தன்மை தந்த தைவான் நெல்லும் ஆடுதுறை 27-இன் வம்சத்தில் இல்லை. ஜப்பானிய நெல்லின் உர ஏற்புத் திறனை இந்திய நெல்லோடு சேர்க்க, உலக உணவு வேளாண் அமைப்பின் துணையோடு 1950-களில் கட்டாக்கில் நடந்த கலப்புத் திட்டத்தின் விளைவு இது. உரத்தை எதிர்பார்த்தே உருவாக்கப்பட்ட விதை என்ற அளவில் வந்தனா சிவா சொல்வது சரி. ஆனால் இன்னொரு பாதி கோயம்புத்தூரிலிருந்து வந்தது.

அந்தப் பாதியிடம் சற்று நிற்க வேண்டும். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24, ஆத்தூர் கிச்சிலி சம்பாவில் தானாகத் தோன்றிய திடீர் மாற்றம் என்று ரகப் பட்டியல்கள் குறிக்கின்றன. இந்தக் குறிப்பை எவ்வளவு நம்பலாம்? ஒரே ஒரு மரபணு மாறியிருந்தால் புதிய செடி மற்ற எல்லா இயல்பிலும் தாய்ச்செடியைப் போலவே இருக்க வேண்டும். பல இயல்புகள் சேர்ந்து மாறியிருந்தால், பக்கத்து வயலின் மகரந்தம் விழுந்திருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. நெல் தன் பூவிலேயே கருவுறும் பயிர்தான். ஆனாலும் நூற்றில் ஒன்றிரண்டு மணி அயல் மகரந்தத்தால் சூல் கொள்வதுண்டு. டி.என்.ஏ.வின் வடிவமே 1953-இல்தான் தெரிந்தது. ஆகவே ‘திடீர் மாற்றம்’ என்பது கண்ணால் பார்த்துச் சொன்ன முடிவு. கேள்வியைத் திறந்தே வைக்கலாம். எது நடந்திருந்தாலும் அந்த மரபணு மாற்றம் உள்ளூர் வயலில், மனிதக் கை படாமல் நிகழ்ந்தது. மனிதர் செய்தது, அந்தச் செடியைக் கண்டு விதையைத் தனியே எடுத்து வைத்தது மட்டுமே.

இன்று பாரம்பரிய அரிசி என்று விற்கப்படும் கிச்சிலி சம்பாவும், ‘ரசாயன விதை’ என்று தள்ளப்படும் ஆடுதுறை 27-உம் ஒரே வம்சம். படுகையில் ஆந்திரா பொன்னி என்றழைக்கப்படும் பி.பி.டி. 5204-இன் முன்னோர்களிலும் ஜி.இ.பி. 24 உண்டு.

அடுத்த கட்டம் வெள்ளத்தோடு வந்தது. சம்பா நடவுக்குப் பின் வடகிழக்குப் பருவமழையில் பயிர் மூழ்கினால், சாதாரண ரகம் நீருக்கு மேலே தலைநீட்ட முயன்று, சேமித்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து அழுகிவிடும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல்லில் உள்ள சப்1 மரபணு அந்த வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. நீர் வடிந்ததும் பயிர் மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். 2006-இல் இம்மரபணு அடையாளம் காணப்பட்டது. சி.ஆர்.1009 ரகத்துக்குள் இதைக் கொண்டுவந்தது கலப்பு முறைதான். சந்ததிகளில் எதில் சப்1 இருக்கிறது என்பதை வெள்ளத்துக்குக் காத்திராமல் நாற்றிலேயே டி.என்.ஏ. குறியீட்டால் பார்த்துத் தேர்ந்தார்கள். இது மரபணு மாற்றுப் பயிர் அன்று.

வேறு உயிரின் மரபணுவைச் செருகினால்தான் அந்தப் பெயர் பொதுவாக வழங்குகிறது. பாக்டீரியா மரபணுவைத் தாங்கி 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி அத்தகையது. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை இவ்விரண்டிலும் சேராது. குறித்த இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டிவிட்டால், செல் தானே ஒட்டிக்கொள்ளும்போது அங்கே சிறு மாற்றம் நேர்கிறது. வெளி மரபணு எஞ்சாத இத்தகைய பயிர்களுக்கு 2022-இல் ஒன்றிய அரசு விதிவிலக்கு அளித்தது. 2025 மே 4 அன்று அறிவிக்கப்பட்ட ‘கமலா’ (டி.ஆர்.ஆர். தான் 100) அப்படி உருவானது. கதிரில் மணிகளைக் கூட்டும் சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கிற நொதி ஒன்று உண்டு. அதன் மரபணுவைத் திருத்தியதால் மணிகள் பெருகின. திருத்தப்பட்ட ரகம் எது? பி.பி.டி. 5204. கிச்சிலியின் கொடி இங்கேயும் நீள்கிறது.

ஆனால் இந்த இடத்தில் வந்தனா சிவாவின் கேள்விக்கு வலு கூடுகிறது. 1921-இன் செடிக்குக் காப்புரிமை கிடையாது. கிரிஸ்பர் கருவிக்கோ வெளிநாட்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் உரிமை கொண்டாடுகின்றன. கமலா அறிவிக்கப்பட்டதுமே, விதையின் உரிமை யாருக்கு என்று விவசாய அமைப்புகள் கேட்டன. நெல் உள்ளூர், கருவி அயல் என்ற இந்த நிலையில், அறுவடையில் ஒரு பங்கை அடுத்த போகத்துக்கு விதையாக எடுத்து வைக்கும் படுகை உழவருக்கு எழுத்துப்பூர்வமான உறுதி வேண்டும்.