ஒரே ஓட்டை, வேறே பூட்டு

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய கடைத்தெரு அது. இன்றைக்கும் தமிழ் பேசும் வியாபாரிகள் அங்கே நிறைய.

2008ல் லீவுக்குப் போனபோது கடைக் கணக்கு கம்ப்யூட்டர் தவழ்ந்து கொண்டிருந்தது. பென்டியம் 4, இன்டெல் 915 சிப்செட் போர்டு. "எல்ஜிஏ 775 சாக்கெட்தானே, பிராசசரை மட்டும் மாற்றினால் போச்சு" என்று சிங்கப்பூரிலேயே ஒரு கோர் 2 டுயோ வாங்கி, சட்டைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். வெளிநாட்டு இன்ஜினியர் ஆயிற்றே!

பிராசசர் அழகாக உட்கார்ந்தது. ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. பற்றுவரவு முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாவி தொளைக்குள்ள போயிட்டா பூட்டு தொறந்திருமா மக்கா?"

பழைய பிராசசரைத் திரும்ப மாட்டியதும் உயிர் வந்தது. என் மானம்தான் வரவில்லை :-)

இந்தக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990களின் நடுவில் சாக்கெட் 7 என்றொரு பொதுத் துளை இருந்தது. இன்டெல் பென்டியம், ஏஎம்டி கே6, சைரிக்ஸ் எல்லாம் அதில் உட்காரும். 1997ல் பென்டியம் 2க்காக இன்டெல் ஸ்லாட் 1 கொண்டுவந்து, உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1999ல் ஏஎம்டி அத்லானுக்கு ஸ்லாட் ஏ செய்தது. அதே 242 முனை கனெக்டர்தான், திருப்பி வைத்தது. உள்ளே ஓடும் மொழி முற்றிலும் வேறு. அன்றோடு பொது வழி இரண்டாகப் பிரிந்தது.

பிறகு ஒரே கம்பெனிக்குள்ளேயே அதே கதை. 2001ல் வந்த ட்யூலாட்டின் பென்டியம் 3க்கும் சாக்கெட் 370தான். ஆனால் மின்னழுத்தம் மாறியிருந்ததால் பழைய 370 போர்டுகளில் ஓடவில்லை. 2004ல் எல்ஜிஏ 775 வந்தது. 2006ல் கோர் 2 டுயோவும் அதே 775ல் வந்தது. 915 சிப்செட்டோ இரட்டைக் கோருக்கு முந்தியது. சிப்செட் ஒத்துப்போனால் மட்டும் போதாது. போர்டின் ரெகுலேட்டர் சரியான மின்னழுத்தம் தர வேண்டும், பயாஸுக்குப் பிராசசரை அடையாளம் தெரிய வேண்டும். அதனால்தான் 945 சிப்செட் போர்டுகளில் சிலது கோர் 2வை ஏற்றது, சிலது ஏற்கவில்லை.

கடைசியில் புது போர்டு வாங்கினேன். பழைய டிடிஆர் ரேம் அதில் பொருந்தாது. டிடிஆர்2வும் வாங்க வேண்டியதாயிற்று. மிச்சம் பிடிக்கப் போய் இரட்டைச் செலவு.

பழங்கதைதானே என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஊரில் 6, 7ஆம் தலைமுறை கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், "அதுவும் எல்ஜிஏ 1151, இதுவும் 1151" என்று 8ஆம் தலைமுறை பிராசசரைத் தேடுவார்கள். மாட்டிக்கொள்ளாதீர்கள்! 2017ல் வந்த அந்தத் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் வேண்டும். 100, 200 வரிசை போர்டில் ஓடாது. ஏஎம்டியின் ஏஎம்4 இந்த விஷயத்தில் பரவாயில்லை. 2020ல் வந்த ரைசன் 5000ஐ, 2022 முதல் பல பழைய 300 வரிசை போர்டுகளும் பயாஸ் அப்டேட் செய்தால் ஏற்கின்றன.

ஆகவே ஊருக்கு பிராசசர் வாங்கிப் போகிறவர்கள் கவனிக்க:

1. எம்எஸ்இன்ஃபோ32 ஓடவிட்டு போர்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிவிஷன் எண் பெரும்பாலும் போர்டிலேயே அச்சிட்டிருக்கும்.

2. போர்டு செய்த கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

3. பட்டியலில் பயாஸ் வெர்ஷன் குறிப்பிட்டிருந்தால், பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைத்துப் பயனில்லை.

4. போர்டையே மாற்றுவதானால் ரேம், பவர் சப்ளை கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு முன் கணக்கு, போட்டோ எல்லாவற்றுக்கும் பேக்கப்.

நான் எந்த சாமான் வாங்கினாலும் அப்பா போனில் இன்னும் கேட்கிறார்: "பூட்டப் பாத்துட்டுதான சாவி வாங்கின?"