ஒரு கேள்விக்கு 2003-இல் கிடைத்த பதில்



1989. அரிமளத்தில் பிளஸ் ஒன் உயிரியல் வகுப்பு. என் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை உப்பு நீரிலும் இன்னொன்றை வெறும் நீரிலும் விட்டுக் காட்டினேன். வெறும் நீரில் விட்டது நொடியில் தெளிந்து சிவந்தது. நீர் புகுந்து சிவப்பணுக்கள் வெடித்துவிட்டன.

"சார், சவ்வு கொழுப்புன்னு சொன்னீங்களே, அதுக்குள்ள தண்ணி எப்படி இவ்வளவு வேகமா போவுது?" என்றாள் ஒரு மாணவி.

"சவ்வூடு பரவல்னு எழுதிக்கம்மா" என்று உட்கார வைத்துவிட்டேன்.

விஞ்ஞானிகளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாதரசச் சேர்மம் பட்டால் நீரோட்டம் குறைவதை 1970-லேயே கண்டிருந்தார்கள். அப்படியானால் வழி ஏதோ ஒரு புரதத்தில் இருக்க வேண்டும். 1986-இல் ருமேனியாவின் கியோர்கே பெங்கா, சிவப்பணுச் சவ்வில் அந்தப் புரதம் எது என்று சுட்டிக் காட்டினார். 1992-இல் அமெரிக்காவின் பீட்டர் ஆக்ரே, வேறொன்றைத் தேடும்போது அகப்பட்ட ஒரு புரதத்தைத் தவளை முட்டையில் உருவாகச் செய்தார். நீரில் போட்டதும் முட்டை உப்பி வெடித்தது. அதுதான் அக்குவாபோரின். 2003-இல் ஆக்ரேவுக்கு நோபல் பரிசு. பெங்காவின் பெயர் அதில் இல்லை.

பெங்கா குழுவினர் பல விலங்குகளின் சிவப்பணுக்களை அளந்தார்கள். முட்டையிடும் பாலூட்டியான எக்கிட்னாவின் சிவப்பணுவில் நீர் மெதுவாகவே நுழைகிறது. பாதரசமும் அதைத் தடுப்பதில்லை. நான் சொன்ன பதில் எக்கிட்னாவுக்குத்தான் பொருந்தும்!

அன்று கேட்ட பிள்ளையே, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. உன் கேள்வி சரிதான். உட்கார வைத்ததுதான் தவறு.