தண்ணீரும் திண்ணையும்: பெரம்பலூர், அரியலூர் வழிகளில் பயணியர் தங்கல்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக அமைய, கரிசலும் செம்மண்ணும் சுண்ணாம்புப் பாறையும் கலந்து கிடக்கும் பெரம்பலூர், அரியலூர் நிலப்பகுதி, காவிரிப் பாசனத்தின் அண்டையில் இருந்தும் அதன் செழிப்பில் பெரும்பங்கு பெறாத வானம் பார்த்த பூமியாகும். இதன் ஊடாகத் திருச்சிராப்பள்ளிக்கும் வடக்குச் சீமைகளுக்கும் இடையே வணிகரும் யாத்திரிகரும் படையினரும் நூற்றாண்டுகளாக நடந்து சென்றனர். இரவு தங்குமிடத்தில் அவர்கள் முதலில் தேடியது மெத்தையையோ தனியறையையோ அன்று. கோடையில் வற்றாத ஒரு கிணறும், அதில் நீர் இறைக்கத் தடையின்மையுமே அவர்களுக்கு மற்ற வசதிகள் எல்லாவற்றிலும் மேலானவையாக இருந்தன.

முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியபோது, அரண்மனையோடும் பெருங்கோயிலோடும் சோழகங்கம் என்னும் பேரேரியையும் அமைத்ததிலிருந்தே இம்மண்ணில் நீர் பெற்றிருந்த இடம் விளங்கும். ஊர்ப் பொது மண்டபமாகவும் வழிப்போக்கர் இளைப்பாறும் கூடமாகவும் பயன்பட்ட அம்பலங்களில் தண்ணீர் வார்ப்பவருக்கு நிலம் விடப்பட்ட செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. கட்டடத்தை எழுப்புவதோடு கொடை முடிந்துவிடவில்லை என்பதையும், நாள்தோறும் நீர் எடுத்து வைக்கும் கைக்கு நிலையான வாழ்வாதாரம் தேவை என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர் என்பதையும் இக்கொடைகள் காட்டுகின்றன. பிற்காலத்துத் தண்ணீர்ப் பந்தலும், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கத் தோள் உயரத்தில் நடப்பட்ட சுமைதாங்கிக் கல்லும் இதே அக்கறையின் தொடர்ச்சியாகும்.

நாயக்கர், மராட்டியர் காலங்களில் தங்குமிடம் என்றாலே சத்திரம் என்றாயிற்று. சத்திரம் என்பது யாத்திரிகருக்குத் தங்க இடமும் பெரும்பாலும் உணவும் இலவசமாக அளித்த அறநிலையம். தெருவை நோக்கிய திண்ணை, நடுவே முற்றம், பின்புறம் சமையற்கட்டு, அருகில் கிணறோ குளமோ என்பது அதன் பொதுவான அமைப்பு. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி, தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைக் காக்க வேண்டி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிய கடிதம், பயணிக்கு என்னென்ன தேவை என்பதை இத்தமிழ்நிலத்தில் எவரும் எழுதிவைத்தவற்றுள் மிக விரிவானவற்றில் ஒன்று எனலாம். வருவோர் அனைவருக்கும் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயுற்றவருக்கு மருத்துவர், வழியில் கருவுயிர்க்க நேர்ந்த பெண்ணுக்குப் பேறுகாலப் பராமரிப்பு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் காப்பும் கல்வியும் என அக்கடிதம் எடுத்துரைக்கிறது. நோயும் மகப்பேறும் மரணமும்கூட வழியிலேயே நேரக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு, பயணியின் முழு வாழ்வையும் ஓரிரவுக்கேனும் தன் பொறுப்பில் ஏற்ற விருந்தோம்பல் இது. பின்வந்த எந்த விடுதியும் இவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ஆயினும் சத்திரத்தின் வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. பல சத்திரங்களில் பிராமணருக்குத் தனிச் சமையலும் தனிக்கூடமும் இருந்தன. தாழ்த்தப்பட்டோர் திண்ணைக்குக்கூட ஏற முடியாத இடங்களும், கிணற்றைத் தொட முடியாத ஊர்களும் மிகுதியாக இருந்தன. வசதிகளை வரிசைப்படுத்தும் எந்த ஆய்வும் உள்ளே நுழையும் உரிமையிலிருந்தே தொடங்க வேண்டும். அது இல்லாதவருக்கு மற்றவை வெறும் காட்சிப் பொருள்களே. சென்னைச் சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் முன்வைத்த தீர்மானத்தைத் தொடர்ந்து, பொதுச் சாலைகள், கிணறுகள், பொதுக் கட்டடங்கள் ஆகியவை எல்லோருக்கும் உரியவை என 1924இல் அரசாணை வெளியாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி, சமய வேறுபாடு காட்டுவதைத் தடை செய்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அத்தகைய மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

சத்திரம் இல்லாத ஊரில் வீடே விடுதியாயிற்று. 1860களில் சிறுவராயிருந்த, பின்னாளில் தமிழறிஞரான உ. வே. சாமிநாதையரின் குடும்பம், இசைவாணரான அவர் தந்தைக்கு ஆதரவு கிடைத்த ஊர்களை நாடி அரியலூர், குன்னம் முதலிய இடங்களில் மாறி மாறி வாழ்ந்ததை அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ விவரிக்கிறது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்க முடிந்ததற்கு, வெளியூராரை ஏற்று இடமும் தானியமும் தந்த அக்காலச் சிற்றூர்களின் பழக்கமே அடித்தளமாக இருந்தது.

இதற்கு முன்பே கம்பெனி ஆட்சி சத்திரம் முதலிய அறங்களைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்திருந்தது. கோயில், சத்திரம், பாலம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட மானியங்களின் மேற்பார்வை 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் வருவாய் வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே வேளையில் அதிகாரிகளின் பயணத்துக்கென முசாபரி பங்களா என்னும் புதுவகைத் தங்குமிடம் உருவாயிற்று. கட்டில், மேசை, நாற்காலி, குளியலறை, ஒரு காவலர் அல்லது சமையற்காரர் என்ற அளவில் அதன் வசதிகள் அமைந்தன; படுக்கை விரிப்பைப் பயணியே கொண்டுவர வேண்டும்; ஒரு நாளுக்கு மேல் தங்கியவர் புதிதாக வந்தவருக்கு இடம் விடுவதும் இத்தகைய பங்களாக்களில் பரவலாக இருந்த விதியாகும். தனிமை என்பது ஒரு வசதியாக முதன்முதலில் எண்ணப்பட்டது இங்கேதான். கூடத்தில் பாய் விரித்துப் பலரோடு உறங்கிய சத்திரவாசிக்குத் தாழிட்ட கதவு தேவையாகத் தோன்றியிருக்காது. பங்களா இல்லாத இடங்களில் கூடாரமே கதி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளின் தொல்லுயிர் எச்சங்களை ஆராய வந்த ஹென்றி பிளான்ஃபோர்டு முதலிய நிலவியலாளர்களின் பணி, மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் புதையும் கரிசலிலேயே நடந்தது.

விழுப்புரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் நேராக இணைக்கும் ரயில் பாதை 1920களின் இறுதியில் அரியலூர் வழியாக வந்தபோது இரவுத் தங்கலின் தேவை குறைந்தது. பெரம்பலூரோ இன்றுவரை ரயில் இல்லாமல் சாலையையே நம்பி நிற்கிறது. பிறகு, நிலவியலாளர் ஆராய்ந்த அதே சுண்ணாம்புக்கல்லை நாடிச் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. 1979இல் அரசின் ஆலை அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பெரம்பலூர் 1995இலும், அரியலூர் ஒருமுறை உருவாகிக் கலைக்கப்பட்டு மீண்டும் 2007இலும் மாவட்டங்களாயின. பொறியாளர், விற்பனையாளர், வழக்குக்கு வருவோர் எனப் புதிய பயணியர் கூட்டத்துக்கு லாட்ஜ் என்னும் வாடகை விடுதி உரியதாயிற்று. சோறும் மருந்தும் அதன் பொறுப்பிலிருந்து நீங்கி மெஸ்ஸுக்கும் மருத்துவமனைக்கும் போய்விட, அறையும் கதவும் மின்விசிறியும் ஏ.சி.யும் விலைப்பொருள்களாக நின்றன.

இவற்றுள் எதற்குக் கூடுதல் வாடகை தருவது என்று இன்றைய பயணி எண்ணும்போது, வழக்கமாக ஏ.சி.யே முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே கிடைக்கும் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினநீராக, அதாவது சோப்பு எளிதில் நுரைக்காத, குழாய் வாயில் வெள்ளைப் படிவு விடும் நீராக இருப்பதால், குளியலறைக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீரா, ஆற்றுக் குடிநீரா என்று கேட்டறிவதே இப்பகுதியில் அறையெடுப்பவர் செய்ய வேண்டிய முதல் விசாரணையாகும். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு இரவுப் பயணமாக வந்து, விடியற்காலையில் நீராடிய பின்னரே வழிபாட்டுக்குச் செல்ல விரும்பும் குடும்பத்தார்க்கு மெத்தையின் தரத்தைவிட நல்ல தண்ணீரின் அளவே பெரிது.